ஏழு நாள் கெடு

வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்குள்
கம்பங்களில் ஒரு முகமும் இருக்கக் கூடாது.
இருந்தால் முகத்துக்கு இவ்வளவு என்று அபராதம்.
அதனால் எனக்கு வேலை:
ஒரு ஏணி, ஒரு வெட்டுக்குறடு,
டோனலிடம் இரவல் வாங்கிய வேன்,
கில்மோராக்கிலிருந்து கடல் வரைக்கும்
நாற்பது கிலோமீட்டர் மழை.

கட்டியவனும் நான்தான்.
நீலத்துக்குக் காலையில், மஞ்சளுக்கு மாலையில்.
ஒரே கம்பத்தில் மேலே யார், கீழே யார் என்று
இரண்டு கட்சியும் என்னிடம் மல்லுக்கு நின்றன.
அடிக்கு ஐந்து யூரோ கூடுதலாக வாங்கிக்கொண்டேன்.
இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

நீலத்தில் மாலக்கி டெவனி, பல்வரிசையோடு:
"மஞ்சளோடு கூட்டா? ஒருபோதும் இல்லை.
நிறுவன வரி பன்னிரண்டரை. இம்மியும் நகராது."
மஞ்சளில் அட்ராக்டா ஃபோரி, கைகட்டி நின்று:
"பதினேழு. கட்டட்டும் பெரியவர்கள்.
நீலத்தின் நிழலில்கூட நிற்க மாட்டோம்."

மூன்றாம் நாள் வேன் ரேடியோவில் சொன்னார்கள்:
டப்ளினில் ஒரு கதவை மூடிக்கொண்டு
நீலமும் மஞ்சளும் பேசுகின்றன.
சாண்ட்விச் உள்ளே போனதாம்.
வெளியே வந்த சொற்கள்: நிலைத்தன்மை, நாட்டு நலன்.
வரி விகிதத்தை ஒரு குழு ஆராயும்.

என் கொட்டகையில் அது முதல் நாளே முடிந்திருந்தது.
அவிழ்த்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன்.
ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம்,
பிரித்தால் ஒருவர் மூக்கு இன்னொருவரோடு வந்தது.

மூன்றாவதாக ஒருத்தி நின்றாள், ப்ரோனா டூஹி.
கட்சி இல்லை. முப்பத்தெட்டு அட்டை,
யாரோ தோற்றவரின் பழைய அட்டைகளைத் திருப்பி
பின்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதியவை.
மாத்திரைத் தொழிற்சாலை வாசலில், ஷிஃப்ட் மாறும் நேரம்,
ஒருவன் கேட்டான்: வரியைக் கூட்டினால் இவர்கள் போய்விட்டால்?

"தெரியாது" என்றாள்.
"போக மாட்டார்கள் என்று சொல்கிறவருக்கும் தெரியாது.
ஒரு புள்ளி கூட்டச் சொல்வேன்.
இரவு ஆம்புலன்ஸுக்கு அது போதும் என்று கணக்கு;
கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.
தனியாக என்னால் ஒரு குழாயைக்கூடத் திருக முடியாது.
நீலத்தோடும் உட்காருவேன், மஞ்சளோடும்.
பிடித்துப்போய் அல்ல.
எதையெல்லாம் விட்டுக்கொடுப்பேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்."
மின்கட்டண உறையின் முதுகில் இருந்ததை
பூசி மெழுகாமல் வாசித்தாள்.
நான்காவது வரியில் பேருந்து வந்துவிட்டது.
"ஓட்டு கேட்கிற பேச்சா இது"
என்றபடி ஏறினான் ஒருவன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் சுற்றில் வெளியே.

அவர்கள் பொய்யைப் பற்றி மதுக்கடையில் நிறையப் பேசினோம்.
நானும் மேஜையைத் தட்டினேன்.
என் வாசலுக்கு வந்தவர்கள் நான்கு பேர்.
நான்கு பேரிடமும் "உங்களுக்குத்தான் ஒன்று" என்றேன்,
மழையில் நிற்கிறவரிடம் வேறென்ன சொல்வது.
ப்ரோனா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து,
"மூன்று போட்டாலும் எண்ணுவார்கள்" என்றாள்.

சாவடியில் நூலில் தொங்கிய பென்சிலால்
மாலக்கிக்கு ஒன்று போட்டேன்.
மைத்துனன் அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறான்.
அவளுக்கு மூன்று.
மாலக்கி ஜெயித்தான்; என் சீட்டு அவன் கட்டிலேயே நின்றது.
மூன்று அவளை எட்டவே இல்லை.

ஏழாம் நாள், பாலத்தடியில் கடைசிக் கம்பம்.
தன் அட்டையைக் கழற்ற அவளே வந்திருந்தாள்,
சமையலறைக் கத்தரிக்கோலோடு.
எனக்கு மேலே மாலக்கி, காற்றில் படபடத்துக்கொண்டு.
கேட்காமலேயே அவள் ஏணியைப் பிடித்தாள்.
வேனில் ரேடியோ ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருந்தது.

யாரும் கேட்கவில்லை.
மேலே இருந்து நானாகச் சொன்னேன்:
"உனக்குத்தான் ஒன்று போட்டேன்."

"சரி" என்றாள்.
ஏணி அசையவில்லை.